பரப்பும் கன அளவும்: வீட்டு வேலைக்கு ஒரு கணக்கு



வீட்டின் முன்புறத்தில் சிமெண்டுத் தரை போட எண்ணுகிறவர், முதலில் அளவு நாடாவை எடுத்து நீளத்தையும் அகலத்தையும் அளக்கிறார். நீளம் 12 அடி, அகலம் 10 அடி என்றால் பரப்பு 120 சதுர அடி. அடுத்துக் கடைக்குச் சென்று, "நூற்றிருபது சதுர அடிக்கு எத்தனை கன அடி கான்கிரீட்டு வேண்டும்?" என்று கேட்கிறார். இக்கேள்விக்கு எவராலும் விடை கூற இயலாது. தடிப்பு எவ்வளவு என்பது தெரிந்தாலன்றிப் பரப்பு கன அளவாக மாறாது.

பால்மரம் வெட்டுவோருக்கு இது புதிய செய்தியன்று. வாளியில் எத்தனை லிட்டர் பால் இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு ரப்பரின் எடையைச் சொல்லிவிட முடியுமா? மெட்ரோலாக்கை இட்டுப் பாலின் திடத்தை அறிந்த பிறகன்றோ உலர்ந்த ரப்பரின் எடை கணக்கில் ஏறுகிறது! ஓர் அளவை வேறோர் அளவாக மாற்றுவதற்கு இடையில் மூன்றாவது எண் ஒன்று வேண்டும். தரை வேலையில் அந்த எண் தடிப்பு.

தடிப்பு 4 அங்குலம் எனக் கொள்வோம். இங்கேதான் பலர் இடறுகின்றனர். 120ஐ 4ஆல் பெருக்கி 480 என்கின்றனர். அடியையும் அங்குலத்தையும் அப்படியே பெருக்குதல் ஆகாது. 4 அங்குலம் என்பது அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கான்கிரீட்டு 40 கன அடிதான். மீட்டரில் சொன்னால், ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி என்ற கணக்கில், 1.13 கன மீட்டர். சேதாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 1.25 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, கலவைப் பொருள்களையும் 40 கன அடி வாங்கினால் போதும் என்று எண்ணிவிடல் கூடாது. கல்லின் இடுக்கில் மணலும், மணலின் இடுக்கில் சிமெண்டும் புகுந்துவிடும். ஆதலால் உலர்ந்த பொருள்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதாவது 60 கன அடி, தேவைப்படும். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவைக்குச் சிமெண்டு எட்டரைக் கன அடி, மணல் 17, கல் 34. சிமெண்டு 50 கிலோ மூட்டையில் ஏழு ஆகும்.

அடியும் மீட்டரும் கலந்து வழங்கும் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரையே பாருங்கள். மெட்ரிக் முறையைப் பரப்புவதற்கென 1970இல் அங்கு ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. 1985இல் அது தன் பணியை முடித்துக்கொண்டது. ஆயினும் சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளுக்கு முன்னுள்ள நடைவழி இன்றும் 'ஐந்தடி' என்ற பெயரை இழக்கவில்லை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகர விதிகளின் வழியே வந்த பெயர் அது. அடுக்குமாடி வீட்டின் பரப்பை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சதுர மீட்டரில் தருகிறது. வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகைக்காரரோ சதுர அடியில் விலை சொல்கிறார். ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி. கன மீட்டருக்கு இதே எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் பொருள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வந்து சேரும்.

இத்தகைய வீடுகளில் தரை வேலைக்கு அக்கழகம் ஒரு வரம்பு விதித்திருக்கிறது. ஓடும் அதன் அடியிலுள்ள சாந்தும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் தடிப்பை மீறலாகாது. அரை விரல் தடிப்புக் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. 90 சதுர மீட்டர் வீட்டில் 50 மில்லிமீட்டர் தடிப்பு என்பது நாலரைக் கன மீட்டர். சாந்தின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன். ஆகவே தரைமீது ஒன்பது டன் ஏறுகிறது. 75 மில்லிமீட்டராக்கினால் பதின்மூன்றரை டன். அந்த ஒரு விரற்கடைக்காக நாலரை டன் கூடிவிடுகிறது!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1986 மார்ச் 15ஆம் நாள் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்திலிருந்த ஆறு மாடிக் கட்டடம் சில நொடிகளில் இடிந்து வீழ்ந்தது. அதில் நியூ வேர்ல்ட் தங்குவிடுதி இருந்தது. 33 பேர் மாண்டனர்; 17 பேர் இடிபாட்டிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். விசாரணைக் குழு ஆராய்ந்தபோது வெளிப்பட்ட முதன்மையான தவறு எளிமையானது; எளிமையானது என்பதாலேயே அதிர்ச்சி தருவது. கட்டடத்தில் புழங்கும் மனிதர், பண்டம் ஆகியவற்றின் சுமையைக் கணக்கிட்டவர், கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

அந்தச் சொந்த எடை எவ்வளவு இருக்கும்? எடுத்துக்காட்டாக, 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஒரு கான்கிரீட்டுத் தளத்தைக் கொள்வோம். அதன் ஒரு சதுர மீட்டரில் 0.15 கன மீட்டர் கான்கிரீட்டு உண்டு. கன மீட்டருக்கு 2,400 கிலோ எனின், அது 360 கிலோ. ஐந்தாறு ஆட்கள் நெருங்கி நிற்பதற்கு ஒப்பான சுமை, ஆளே இல்லாத வெறுந்தளத்தில் இரவும் பகலும் இருக்கிறது. வரைபடத்தில் அது வெறும் சதுர மீட்டராகத்தான் தோன்றும். 1989இல் சிங்கப்பூர் இயற்றிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒருவர் போட்ட கணக்கைத் தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்த்தாக வேண்டும்.

நம் புறக்கடையில் நாம் நிறுத்தும் தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்க்க எந்தப் பொறியாளரும் வரப்போவதில்லை. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், நான்கடி உயரமுள்ள தொட்டி 36 கன அடி கொள்ளும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் அது 1,019 லிட்டர். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே நிரம்பிய தொட்டி ஒரு டன்னுக்குச் சற்று மேல். அது நிரம்ப எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர். நம் பக்கத்து மாலை மழை ஒன்றே போதும்.

காலையில் வெறுந்தொட்டியாக இருந்ததை மரச்சட்டம் எளிதில் தாங்கியிருக்கும்; அந்தியில் அதே சட்டத்தின் மேல் ஒரு டன் நிற்கும். நான்கு கால்கள் எனின் காலொன்றுக்குக் கால் டன். மண் தரையாயின், மழையில் நனைந்த மண்ணில் அக்கால்கள் ஒரே அளவாக இறங்குவதில்லை. ஒருபுறம் இறங்கினால் பாரம் முழுவதும் அப்புறமே சாயும். ஆகையால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓரடிச் சதுரத்தில், ஆறு அங்குலத் தடிப்பில் கான்கிரீட்டுத் திண்டு போடுங்கள். திண்டு ஒன்றுக்கு அரைக் கன அடி. நான்கிற்கும் இரண்டு கன அடி. முன் சொன்ன கலவைக் கணக்கின்படி அதற்கு அரை மூட்டைக்குக் குறைவான சிமெண்டே செல்லும்.