பாரம் தாங்கும் பலகை



வீட்டில் இசை கேட்பதற்குரிய கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். ஒலிபெருக்கியின் திறம், இசைத்தட்டின் தெளிவு, அதன்மேல் ஓடும் முள்ளின் நுண்மை ஆகியவற்றைக் குறித்து அவர்கள் நெடுநேரம் வாதிடுவார்கள். ஆனால் அக்கருவிகளையெல்லாம் இரவும் பகலும் தாங்கி நிற்கும் பலகையைப் பற்றி நினைப்போர் சிலரே. இன்று அப்பலகையைப் பற்றியே பேச விரும்புகிறேன். இது தச்சருக்குரிய செய்தி என்று நீங்கள் ஒதுக்கிவிடலாகாது. வகுப்பறையில் நீங்கள் கற்கும் இயற்பியல் வீட்டுக்குள் வந்து வேலை செய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். வால்வுகளைக் கொண்ட ஆம்ப்ளிபயரில் இரும்புத் தகடுகளும் செம்புக் கம்பிச் சுருள்களும் கொண்ட டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. அதன் பாரத்தில் பெரும்பகுதி அவற்றினுடையதே. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த மெக்கின்டாஷ் எம்.சி.275 என்னும் ஆம்ப்ளிபயர் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 என்னும் இசைத்தட்டுச் சுழற்சிக் கருவி 12½ கிலோ. இவை கண்ணுக்குத் தெரியும் பாரங்கள். கண்ணை ஏமாற்றும் பாரம் ஒன்று உண்டு. அது இசைத்தட்டுகளின் பாரம். 1948-இல் கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட நெடுநேர இசைத்தட்டு வகையைச் சேர்ந்த 12 அங்குலத் தட்டுகளில் பத்தை உறையோடு நிறுத்துப் பார்த்தேன். எடை 2 கிலோ 300 கிராம். அடுக்கின் தடிப்பு மூன்றரை சென்டிமீட்டர். இக்கணக்கின்படி ஒரு மீட்டர் நீளப் பலகையில் நெருக்கமாக அடுக்கினால் பாரம் ஏறத்தாழ 66 கிலோ ஆகும். வளர்ந்த மனிதர் ஒருவர் அந்தப் பலகையின்மேல் ஏறி அமர்ந்து, பல ஆண்டுகள் இறங்காமலே இருப்பதற்கு இது ஒப்பாகும்.

என் பெரியப்பா வீட்டில் நிகழ்ந்தது இதுதான். நான்கடி நீளமுள்ள பலகை. இரு முனைகளிலும் சிறு முளைகள் மட்டுமே அதைத் தாங்கின. பல ஆண்டுகளாக அது நடுவில் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வந்தது. ஒருநாள் இரவு, ஒரு முனை முளையைவிட்டு நழுவியது. அதில் இருந்தவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள். அவை அரக்குக் கலவையால் ஆனவை. கண்ணாடியைப் போல் உடையும் இயல்பின. அறுபதுக்கு மேற்பட்ட தட்டுகள் அன்று நொறுங்கின. அவற்றுள் சில மறுபதிப்புக் காணாதவை. பெரியப்பா அத்துண்டுகளை ஒரு வாரம் வரையில் வெளியே எறிய விடவில்லை. பின்னர், எஞ்சிய நெடுநேர இசைத்தட்டுகள் நானூறையும் ஆம்ப்ளிபயரையும் என்னிடம் ஒப்படைத்தார். “இவற்றைக் காப்பாற்று என்று மட்டும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டும் இரு” என்றார்.

கடைகளில் விற்கும் அலமாரிகளைப் பார்த்தேன். புத்தக அலமாரியின் ஆழம் பெரும்பாலும் 30 சென்டிமீட்டருக்கு மேற்படுவதில்லை. ஆம்ப்ளிபயருக்கோ 40 முதல் 45 சென்டிமீட்டர் வேண்டும். பின்புறக் கம்பிகளுக்கும் இடம் வேண்டும். ஆகவே தச்சர் ஒருவரை அழைத்தேன். அவர் மரத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ பேசவில்லை. “ஐயா, பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம். அதன்மேல் ஏறப்போகும் பாரம் எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்” என்றார். பொறியியற் கல்லூரியில் முதற்பாடமாக வைக்கத்தக்க கேள்வி அது. நான் வீட்டு எடைக்கருவியின்மேல் தனியே நின்றேன். பிறகு ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வேறுபாடு 26 கிலோ. நானூறு தட்டுகளுக்கு 92 கிலோ. இவ்விரு எண்களையும் அவரிடம் கொடுத்தேன்.

இனி, பலகை வளைவதன் கணக்கைக் காண்போம். பாரம் மாறாதிருக்க, தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம் இரு மடங்கானால், வளைவு இரு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. கூடிய நீளத்திலும் தட்டுகளை நிரப்பினால் பாரமும் இரட்டிக்கும். அப்போது வளைவு பதினாறு மடங்கு. இதற்கு மாறாக, பலகையின் தடிப்பை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. மரத்திற்கு வேறோர் இயல்பும் உண்டு. நெடுங்காலம் பாரம் சுமந்தால் முதல் நாள் கண்ட வளைவோடு அது நிற்பதில்லை. மெல்ல மெல்ல மேலும் தாழும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகளில் இக்குறை மிகுதி. ஆதலால் பாரமான பொருளுக்கு நீண்ட பலகையைவிடக் குறுகிய அறைகளே ஏற்றவை. தச்சர் எனக்குச் செய்து தந்த அலமாரியில் ஒவ்வோர் அறையும் 36 சென்டிமீட்டர் அகலமே உடையது. அறைக்கு நூறு தட்டுகள், 23 கிலோ. கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு அறைகள். தட்டுகள் சாயாமல் நேராக நிற்கின்றன. சாய்ந்து நிற்கும் தட்டு நாளடைவில் கோணிவிடும். குழந்தைகள் பற்றி ஏறினாலும் கவிழாதபடி, அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அத்திருகாணிகள் மேற்பூச்சோடு நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கியிருக்கின்றன.

இவ்வளவும் பாரத்திற்காக. சுழற்சிக் கருவிக்கு இன்னொரு தேவை உண்டு, அஃது அசைவின்மை. நெடுநேர இசைத்தட்டின் வரிப்பள்ளம் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பளவே அகலமுள்ளது. அப்பள்ளத்தின் சுவரில் உள்ள மிக நுண்ணிய அலைவுகள் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. அவற்றை உணரவல்ல முள், ஒலிபெருக்கியின் அதிர்வையும் நம் காலடியின் அதிர்வையும் உணராதிருக்குமா? ஒலிபெருக்கியைச் சுழற்சிக் கருவியோடு ஒரே பலகையில் வைத்தால், அதன் அதிர்வு பலகை வழியே முள்ளை அடைகிறது. முள் அதனையும் இசையென்று கொண்டு ஆம்ப்ளிபயருக்கு அனுப்புகிறது. ஒலிபெருக்கி அதை முன்னினும் உரக்க முழக்குகிறது. இச்சுழல் மிகுந்தால் இசை மறைந்து ஊளையே எஞ்சும். அதனால் ஒலிபெருக்கிகளைத் தனியே நிறுத்த வேண்டும்.

இங்கிலாந்தில் பழைய வீடுகள் பலவற்றின் தரை மரப்பலகையால் ஆனது; நடந்தால் அதிரும். எனவே அங்குள்ள இசையன்பர்கள் பலர் சுழற்சிக் கருவியைச் சுவரில் பொருத்திய தட்டின்மேல் வைப்பர். நம் நாட்டு வீடுகளில் சிமெண்டுத் தரை உறுதியானது. மெல்லிய இடைச்சுவரைவிட அதனையே நம்பலாம். நம் வீட்டு அலமாரிகளில் வழங்கும் கடப்பைக் கல்லும் இங்கே உதவுகிறது. 60 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு கல் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. சிறிய அதிர்வுகள் அத்தகைய பெரும் பாரத்தை எளிதில் அசைக்க இயலா. ஆனால் கல் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு வளைவைத் தாங்காது. ஆகையால் தாங்கிகள் நெருக்கமாக இருத்தல் வேண்டும். நான் அத்தகைய கல்லைத் தாழ்வான மரக்காலின்மேல் ரப்பர் வில்லைகளை இட்டு வைத்திருக்கிறேன். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்த்தேன். ஆம்ப்ளிபயர் அதற்கு அரை மீட்டர் தள்ளி, மேலே மூடியில்லாத வேறொரு தட்டில் இருக்கிறது. வால்வுகளின் வெப்பம் எழுந்து வெளியேற வேண்டும். டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் முள்ளிருக்கும் பகுதியை எட்டி, முரலொலியை உண்டாக்கவும் கூடாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அடிக்கோலை இரு புத்தகங்களுக்கிடையே படுக்கவைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள்; வளைகிறது. புத்தகங்களை நெருக்கிவைத்து அழுத்துங்கள். வளைவு பெரிதும் குறைகிறது. பிறகு அதே கோலை விளிம்பின்மேல் நிறுத்தி அழுத்துங்கள், வளைவே புலப்படாது. மரம் அதுவே; நிற்கும் முறைதான் வேறு. பலகையின் முன்விளிம்பின் அடியில் ஒரு சட்டத்தை நிறுத்தி அறையும் தச்சர் இந்த உண்மையையே கையாளுகிறார். உங்கள் வீட்டில் புத்தகம் நிறைந்த அலமாரி இருந்தால், இன்றே ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் பலகை நூலைவிட்டுத் தாழ்ந்திருந்தால், அங்கே ஒரு தாங்கி கொடுங்கள். பெரியப்பாவின் பலகைக்குக் கிடைக்காத தாங்கி அது. அவர் இப்போது என் வீட்டிற்கு வரும்போதெல்லாம், முதலில் அலமாரியின் நடுவே கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். அதன் பிறகே எந்தத் தட்டை எடுக்கலாம் என்று கேட்பார்.