தக்காளியின் கரிமுனை

ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் அதே காற்றுத் தக்காளிக்குப் பகையாகின்றது. தென்மேற்குப் பருவத்தில், மேற்கு மலைகளில் மழையைச் சொரிந்துவிட்டு, அது பதுளைப் பக்கம் வறண்டு வீசும். அப்பொழுது லயத்தருகே தக்காளி நட்டோர், காயின் அடிமுனை கறுத்துக் குழிவதைக் காண்பர். பூஞ்சண மருந்து வாங்கிக் கூலிப்பணத்தை இழப்போரும் உளர். இது கிருமி நோயன்று. காய்க்குக் கல்சியம் எட்டாத குறை. கல்சியத்தைச் சுமந்து செல்வது நீரே. நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குடங்குடமாய் ஊற்றுதல் பயன் தராது. அளவாய், ஒழுங்காய் நீர்விட்டு, வேரடியில் மானாப்புல் பரப்புக.

தேயிலை மண் புளித்தன்மை மிக்கது. நடுகைக்குச் சில வாரம் முன்பே டொலமைற்றுத் தூள் கலத்தல் நன்று. யூரியாவை அள்ளியிட்டால் இலை செழிக்கும், காய் பட்டினி கிடக்கும். கறுத்த காய் மீளாது. நீர் சீரானால் அடுத்த காய்கள் தேறும். கறுத்ததையும் வீசவேண்டியதில்லை, கெட்ட பகுதியை அரிந்து நீக்கினால் எஞ்சியது கறிக்கு ஆகும்.