பாய்மரப் படகுக்குக் கருவி வாங்கிய கதை
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது மின்னியல் துறையில் ஒரு பேராசிரியர் இருந்தார். எந்தச் சர்க்யூட்டை வரைந்து கொண்டு போனாலும் முதல் கேள்வி, "லோடு எவ்வளவுப்பா?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் மறந்ததால் நடுக்கடலில் பட்ட பாட்டைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் சில ஆண்டுகள் இருந்தேன். உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் 28 அடி நீளப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். "நீ எலக்ட்ரிகல் ஆளாச்சே, கருவிகளை நீயே தேர்ந்தெடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேடார், பெரிய திரையுள்ள பிளாட்டர், தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோ பைலட் என்று கடையில் பளபளத்ததையெல்லாம் வாங்கி நானே வயரிங்கும் செய்தேன். பேட்டரி மட்டும் பழையதே. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர். அதுவும் ஒன்றே ஒன்று.

அங்கே கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவிலுள்ள நீர்ப்பரப்புக்கு சோலன்ட் என்று பெயர். அதன் மத்தியில் பிராம்பிள் என்றொரு மணல்திட்டு இருக்கிறது. கடல் மிகவும் வற்றும் நாளில் அதன்மேல் கிரிக்கெட் ஆடுவார்கள்! 2008-இல் குவீன் எலிசபெத்-2 என்ற பெரிய கப்பலே அதில் தட்டி நின்றது.

ஓர் அக்டோபர் மாதம் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். எல்லாக் கருவிகளும் ஓடின. பார்க்கப் பெருமையாக இருந்தது. மாலை ஆறு மணிக்குக் காற்று நின்றுவிட்டது. நீரோட்டம் எங்களை அந்தத் திட்டை நோக்கி இழுத்தது. எஞ்சினைத் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரேடியோவும் போச்சு. பக்கத்திலேயே பெரிய கப்பல்கள் போகும் பாதை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நண்பர் ஒன்றும் பேசாமல் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எடுத்து ஆழம் பார்த்தார். நாலு மீட்டர். நங்கூரத்தைப் போட்டார். ஒரு மணி நேரம் டார்ச் அடித்துக்கொண்டே இருந்தோம். அவ்வழியே வந்த இன்னொரு படகுக்காரர் பார்த்து எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ரேடார் 3 ஆம்பியர், ஆட்டோ பைலட் 3, பிளாட்டர் 1, மற்றவை எல்லாம் சேர்த்து முக்கால். ஆகமொத்தம் ஏறக்குறைய 8 ஆம்பியர். ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம், அதாவது 50 ஆம்பியர்-அவர். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நாங்கள் ஓட்டியதோ எட்டு மணி நேரம்! இரண்டாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்கு இது.

பிறகு வரிசையை மாற்றினோம். முதலில் எஞ்சினைக் கிளப்ப மட்டும் தனி பேட்டரி. அதை வேறெதுவும் தொடக்கூடாது. அடுத்து மின்சாரமே வேண்டாத காந்தத் திசைகாட்டி.

மூன்றாவது ஆழமானி. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். எதிரொலி 4 மில்லி விநாடியில் திரும்பினால் ஆழம் 3 மீட்டர். ஆனால் இந்த 3 மீட்டர் எங்கிருந்து? உணரி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கிறது, படகின் அடிக்கட்டை 1.6 மீட்டர் கீழே இருக்கிறது என்றால், அடிக்கட்டைக்குக் கீழே மிச்சம் 1.9 மீட்டர்தான். இந்த வித்தியாசத்தைக் கருவியில் பதியாவிட்டால் அது காட்டும் எண்ணை நம்பித் தரைதட்டுவீர்கள்.

நான்காவது வி.எச்.எஃப். ரேடியோ. அதை ஜி.பி.எஸ்.ஸுடன் இணைத்தால், ஆபத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் நாம் இருக்கும் இடமும் சேர்ந்தே போகும். கூடவே தனி பேட்டரியுள்ள கைரேடியோ ஒன்று கட்டாயம். பெரிய கப்பல்கள் எங்கே என்று காட்டும் ஏ.ஐ.எஸ்., அதன் பிறகு பிளாட்டர். காகித வரைபடம் எப்போதும் பக்கத்தில். ரேடார் கடைசி. அந்தச் சிறு படகுக்கு அது தேவையே இல்லை என்று கழற்றி விற்றுவிட்டோம்.

அதற்காகக் கருவிகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் ஜி.பி.எஸ். பார்த்து வழி போகக்கூடாது என்பது விதி. அப்போது நம் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி அதில் கலந்துகொண்டார். தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் அவரை மீட்டது. படகின் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தவை செயற்கைக்கோள் கருவிகளே. கையால் வழி கண்டுபிடிக்கும் பந்தயத்திலும் உயிர்காக்கும் கருவியை விலக்கவில்லை, பாருங்கள்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் ஆஸ்பத்திரிக்கோ ஆலைக்கோ கருவி வாங்கும் பொறுப்பில் இருக்கலாம். விலைப்பட்டியலைப் பார்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எது இல்லாவிட்டால் உயிர் போகும்? இது நின்றுபோனால் பதிலுக்கு என்ன இருக்கிறது? லோடு எவ்வளவு?