பொம்மை யார் கையில் பிறந்தது?



விருத்தாசலத்தில் சுட்டெடுத்த பொம்மைகள் எங்கெங்கோ கொலுப்படிகளில் இருக்கின்றன. வாங்கியவருக்குக் கடையின் பெயர் தெரியும். அச்சில் வார்த்தவர் யார், அந்த முகத்துக்குக் கண் எழுதியவர் யார் என்பது தெரியாது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு வெளிவரும் களிமண், செராமிக் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனம் என எல்லாம் அமைந்த ஊர் இது. ஆனாலும் செய்தவர் பெயர் பொம்மையோடு வண்டி ஏறுவதில்லை.

அந்தப் பெயரை வெளியூருக்கு அனுப்ப இன்று கைபேசி இருக்கிறது. பொம்மை செய்கிற நீங்கள் உங்கள் வேலைகளைப் படமெடுத்து இணையத்தில் வரிசையாக வைத்துவிட்டால், கோயமுத்தூர்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் நேரே உங்களிடம் பேசலாம். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் இன்ஸ்டாகிராமோடு நின்றுவிடுகிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வாங்குகிறவர்கள் அங்கேதான் உலவுகிறார்கள். ஆனால் அது ஒன்றையே நம்பியிருப்பது ஆபத்து.

ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் இலவசப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. நம் ஊர்ப் பிள்ளைகள் கொண்டாடிய ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. ஒரு டெராபைட் வரை இலவசமாகப் படம் வைத்திருந்தவர்களிடம், இலவசமென்றால் இனி ஆயிரம் படம்தான் என்று 2018-இல் ஃபிளிக்கர் அறிவித்தது. 2020 ஜூனில் டிக்டாக்குக்குத் தடை வந்தபோது, அதில் மட்டுமே கடை விரித்திருந்தவர்கள் தங்களைத் தேடி வந்தவர்களை ஒரே நாளில் இழந்தார்கள். இவற்றில் எதிலும் பயன்படுத்தியவர் மீது தவறில்லை. இடம் அவருடையதாக இல்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் அழுத்திச் சொல்வது இது: படம் எங்கே இருந்தாலும் இருக்கட்டும், முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். டொமைன் என்கிறார்களே, அதை உங்கள் பெயரில் வாங்குங்கள். 'டாட் இன்' முகவரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்து, புதுப்பிக்கும்போது கூட்டிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் முதலிலேயே கேளுங்கள். படங்கள் இருக்கும் நிறுவனத்தை நாளைக்கு மாற்றினாலும், விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி மாறாது.

இடத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. கூகுள் சைட்ஸில் சொந்த டொமைனை இலவசமாகவே இணைக்கலாம். வேர்ட்பிரஸ் டாட் காமில் அதற்குப் பணம் கட்டும் திட்டம் எடுக்க வேண்டும், வடிவமைப்புக்கு வசதி கூடுதல். முப்பது நாற்பது பொம்மைகளைக் காட்ட முன்னதே தாராளம்.

இன்னொன்றில் மிகக் கவனமாக இருங்கள். பதிவு செய்து தருகிற தம்பி தன் மின்னஞ்சலையே கொடுத்துவிடுவார். அவர் வேலை கிடைத்து வெளியூர் போனபின் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குப் போகும், கெடு முடிந்தால் முகவரியை வேறு யாராவது வாங்கிவிடலாம். மின்னஞ்சல், கடவுச்சொல், பணம் கட்டிய ரசீது மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும்.

மூலப் படங்களை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் படத்தைச் சுருக்கிவிடும், அங்கிருந்து திரும்ப எடுத்தால் கண்ணிமையின் மெல்லிய கோடு காணாமல் போயிருக்கும். தளத்தில் ஏற்றச் சிறிய பிரதி போதும். 2022 டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் என்ற படத் தளத்தில் ஓவியர்கள் செயற்கை நுண்ணறிவுப் படங்களை எதிர்த்துத் திரண்டதற்கு, தங்கள் வேலையைக் கேட்காமலே பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கோபமும் காரணம். பெரிய படத்தைப் பொதுவில் வைக்குமுன் இதையும் நினையுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே உயரம் எத்தனை அங்குலம், டெரகோட்டாவா கிளேஸ் பூசிய செராமிக்கா, எந்த ஆண்டு செய்தது, வார்த்தவர் யார், வண்ணம் தீட்டியவர் யார் என்று எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் தீட்டியிருந்தால் அவர்கள் பெயரும் வரட்டும்.

ஆடி பிறந்தால் கொலு வேலை கழுத்தைப் பிடிக்கும், இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அடைமழையில் பச்சைப் பொம்மை காயாமல் கிடக்கும் நாட்களில் உட்காருங்கள். முதலில் பத்துப் படம் ஏறினால் போதும்.