தக்காளிச் சாறு



தக்காளிச் சாறு வைப்பதைப் பற்றி இன்று சிறிது நேரம் உங்களோடு பேச விழைகின்றேன். இஃது அடுப்பங்கரைச் செய்தி. அன்னையரிடமும் பாட்டிமாரிடமும் விட்டுவிடலாமே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பதினைந்து வயது வரையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறென்பதை ஒருநாள் எனக்கு உணர்த்திற்று. அந்த நாளின் கதையிலிருந்தே தொடங்குகின்றேன்.

என் ஊர் ஆலங்குளம். இராஜபாளையத்துக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், சுண்ணாம்புக்கல்லும் அதனை நம்பி எழுந்த அரசு சிமென்ட் ஆலையும் பெயர் வாங்கித் தந்த ஊர். மேற்கே திரும்பினால் தொடர்ச்சி மலை நீலக்கோடாகத் தெரியும். மலையில் பெய்யும் மழையைக் கண்ணால் காண்போம். அதன் நீர் எங்கள் கண்மாய்க்கு வந்து சேருமா என்பது ஆண்டுதோறும் ஐயந்தான். கிணறு உள்ளவர்கள் கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் மிளகாய் என்று பயிரிடுவார்கள். எங்களுக்கும் அத்தகைய சிறு தோட்டம் ஒன்று இருந்தது.

1970களில் ஒரு மாசி மாதம். அவ்வாண்டு எல்லார் தோட்டத்திலும் தக்காளி ஒன்றாகப் பழுத்துவிட்டது. என் தாயார் நான்கு கூடைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சென்றார். மாலையில் இரண்டு கூடைகளோடு திரும்பி வந்தார். விற்ற இரண்டு கூடைகளின் பணம், பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் சரியாகப் போயிற்று. விற்காத பழத்தை அங்கேயே கொட்டிவிட்டுப் போனவர்கள் பலர். “கொட்ட மனசு வரலை” என்று மட்டும் சொன்னார் அம்மா. அன்றிரவே அவருக்குக் காய்ச்சல் கண்டது.

தந்தையார் அப்பொழுது வெளியூரில் வேலையாக இருந்தார். வீட்டில் நானும் என் தங்கையுந்தான். மருத்துவர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார். “கஞ்சியோ சூப்போ, நீராகாரமாக ஏதேனும் அடிக்கடி கொடு தம்பி; உடம்பில் தண்ணீர் வற்றிவிடக் கூடாது” என்று சொல்லிச் சென்றார். கஞ்சியை அம்மா தொடவே இல்லை. இரண்டு நாட்கள் வெறும் வெந்நீரே உணவாயிற்று. சூப்பு என்ற சொல்லையோ நான் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில்தான் கண்டிருந்தேன். ஆயினும் வீட்டு மூலையில் இரண்டு கூடைத் தக்காளி இருந்தது. மூன்றாம் நாள் துணிந்து அடுப்பு மூட்டினேன்.

நான் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்லிவிடுகின்றேன். பழங்களைப் பச்சையாகவே கையால் பிசைந்து, ஒருநாழிகைப் பொழுது அப்படியே வைத்திருந்தேன். வழுவழுப்பான விதைப் பகுதியை வேண்டாத பொருளென்று எண்ணிக் கழித்தேன். கைக்கு எட்டிய பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றி, மிளகும் சீரகமும் தொடக்கத்திலேயே போட்டு, நெடுநேரம் கொதிக்க வைத்தேன். முடிவில் கிடைத்தது மணமற்ற, தண்ணீரான, நாக்கில் உலோகச் சுவை தட்டும் ஒரு நீர். அதனை எடுத்துக்கொண்டு திரும்பும்போது வாயிலில் அண்டை வீட்டுப் பாட்டி நின்றார். பாத்திரத்தை உற்று நோக்கினார்.

“அய்யா, பித்தளையில புளிப்பை வைக்கலாமா? உள்ளே ஈயம் போயிருச்சு பாரு. களிம்பு ஏறின சாறையா ஆத்தாளுக்குக் கொடுக்கப் போற?”

அவர் அதனைக் கீழே ஊற்றச் சொன்னார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அடுத்த அரைமணி நேரத்தில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முறையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகின்றேன். அம்முறையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணங்களைப் பாட்டி சொல்லவில்லை. பிற்காலத்தில் நூல்களில் நானே தேடி அறிந்தேன்.

நால்வருக்கு அரைக் கிலோ பழுத்த தக்காளி போதும். அதனோடு சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், குழைய வேகவைத்த துவரம்பருப்பு இரண்டு கரண்டி, நல்லெண்ணெய் ஒரு கரண்டி, மிளகும் சீரகமும் அரைக் கரண்டி வீதம், உப்பு, கொத்தமல்லித் தழை. இவ்வளவே வேண்டுவன.

முதலில் எண்ணெயைக் காயவைத்து வெங்காயத்தையும் பூண்டையும் வதக்குங்கள். பிறகு தக்காளியை நான்காக அரிந்து, அரிந்த கையோடு சூடான பாத்திரத்தில் இட்டு மூடுங்கள். ஏன் இந்த விரைவு? தக்காளிக்குக் குழம்புத் தன்மை தருவது பெக்டின் என்னும் பொருள். பழத்தைப் பச்சையாக நசுக்கினால், அதிலுள்ள நொதிகள் விழித்துக்கொண்டு பெக்டினைச் சிதைத்துவிடும், சாறு தண்ணீராகும். வெப்பம் உடனே பட்டால் அந்நொதிகள் செயலற்றுப் போகும். நான் பிசைந்து வைத்த சாறு ஏன் நீர்த்துப் போயிற்று என்பதற்கு விடை இதுதான். எண்ணெய்க்கும் ஒரு பணி உண்டு. தக்காளியின் செந்நிறத்துக்குக் காரணமான லைக்கோப்பீன் கொழுப்பில் கரைவது. வெந்த தக்காளியிலிருந்து, சிறிது எண்ணெயின் துணையோடு, உடல் அதனை எளிதாக ஏற்றுக்கொள்ளுகின்றது.

பத்து நிமிடத்தில் பழம் குழைந்துவிடும். மத்தால் மசித்து வடிகட்டுங்கள். தோலும் விதையும் தங்கட்டும். விதையைச் சூழ்ந்த வழுவழுப்பை மட்டும் நன்றாக அழுத்தி வடித்துக்கொள்ளுங்கள். 1908இல் ஜப்பானிய வேதியியலார் கிக்குனே இக்கேடா, கடற்பாசிச் சாற்றின் சுவையை ஆராய்ந்து, அச்சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டார். அப்பொருள் தக்காளியில் நிறைய உண்டு. சதையைவிட விதைப்பகுதியில் மிகுதி. நான் கழித்தெறிந்தது பழத்தின் சுவையையே!

வடித்த சாற்றோடு பருப்பையும் மூன்று தம்ளர் நீரையும் உப்பையும் சேர்த்து மீண்டும் அடுப்பேற்றுங்கள். ஓரத்தில் நுரை கூடி மேலெழும்போது இறக்கிவிடுங்கள். இறக்கிய பின்னரே மிளகு சீரகப் பொடியும் தழையும் தூவ வேண்டும். மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிப் பறப்பவை. நெடுநேரம் கொதித்தால் மணம் வீடெங்கும் பரவும், சாற்றில் மிஞ்சாது.

இனிப் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பித்தளையில் செம்பு உண்டு. தக்காளியின் அமிலம் அதனைக் கரைக்கும். ஆகவேதான் முன்னோர் பித்தளையின் உட்புறம் ஈயம் பூசினர். சாறு வைக்கவென்றே ஈயச் செம்பும் வைத்திருந்தனர். அந்த ஈயம் வெள்ளீயம். நஞ்சாகிய காரீயம் அன்று. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆதலால் வெறுஞ் செம்பை அடுப்பில் வைத்தால் செம்பே இராது. காரீயம் கலந்த செம்பும் விற்கப்படலாம். ஐயமிருந்தால் எவர்சில்வரே நன்று.

அதே வெள்ளீயம் உலகின் மறுபுறத்தில் மற்றொரு பெரும்பணி செய்தது. 1810இல் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர், உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடேற்றிக் காக்கும் முறையை நூலாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட், வெள்ளீயம் பூசிய தகரக் கலங்களுக்குக் காப்புரிமை பெற்றார். 1897இல் அமெரிக்காவில் ஜான் டாரன்சு என்னும் வேதியியலார், சூப்பின் நீரைச் சுண்டவைத்துச் சிறு டப்பாவில் அடைக்கும் வழியைக் கண்டார். காம்ப்பெல் நிறுவனத்தின் தக்காளி சூப்பு நாடெங்கும் பரவியது. பாட்டியின் ஈயச் செம்பும் அந்தத் தகர டப்பாவும் ஒரே உலோகத்தை நம்பியவை என்று அறிந்தபோது நான் வியந்தேன்.

தக்காளி நம் நாட்டுச் செடி அன்று. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்று, ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தது. ஐரோப்பியர் பலர் அதனை நஞ்சென்று நெடுங்காலம் அஞ்சினர். நம் முன்னோரோ அதற்குச் ‘சீமைத் தக்காளி’ என்று பெயரிட்டனர். மணத்தக்காளியும், சிறுவர் நெற்றியில் அடித்து வெடிக்கவிடும் சொடக்குத் தக்காளியும் முன்பே இங்கு இருந்தன. புதுச்செடி அவற்றின் உறவென்று கண்ட கண் கூரியது. இன்றைய தாவரவியலும் மூன்றையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கின்றது.

கொண்டதைப் போலக் கொடுத்ததும் உண்டு. நம் மிளகுத்தண்ணீரைச் சென்னையில் பருகிய ஆங்கிலேயர், இறைச்சியும் வேறு பலவும் சேர்த்து அதனைச் சூப்பாக்கித் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர்; ‘மல்லிகட்டானி’ என்று அஃது ஆங்கில அகராதியில் ஏறிற்று. ஆகவே, சூப்பு அயலாருடையது, சாறு நம்முடையது என்று கோடு கிழிக்க வேண்டா. அவர்கள் நாட்டுப் பழமும் நம் மலை மிளகும் ஆலங்குளத்தில் ஓரடுப்பில் கூடின.

அன்று அம்மா சாற்றை இரு கையாலும் வாங்கிப் பருகினார். பாதிக் குவளை பருகியபின், “இது நம்ம பழமா?” என்று கேட்டார். “ஆமாம் அம்மா” என்றேன். “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார். காய்ச்சலைத் தணித்தது மருந்துதான். சாறு நோயைத் தீர்த்ததென்று நான் சொல்லமாட்டேன். நீரும் உப்பும் உடலுக்குச் சேர்ந்தன. அதனினும் மேலாக, சந்தையில் விலைபோகாத பழம் வீண்போகவில்லை என்ற ஆறுதல் அவர் முகத்தில் தெரிந்தது. எஞ்சிய பழத்தைப் பாட்டியும் தங்கையும் அரிந்து, உப்பிட்டு, பாயில் பரப்பி வற்றலாக்கினார்கள்.

சந்தையின் போக்கு இன்றும் மாறிவிடவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று, நாடே பேசியது. பறிகூலிக்கும் கட்டாமல் வயலிலேயே பழம் அழுகும் மாதங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. விளைச்சல் மிகுந்த மாதத்தில் வாங்கிப் பக்குவப்படுத்தி வைக்கும் வீடும், அதற்கேற்ற சிறு தொழிலும் ஊர்தோறும் பெருகினால் அந்தக் கூடைகள் திரும்பி வாரா. வேதியியலும் உயிரியலும் பயிலும் உங்களால் ஆகக்கூடிய பணி அது.

அதற்கு முன்னர் ஒரு சிறு வேண்டுகோள். வருகின்ற விடுமுறை நாளில், மாணவர், மாணவியர் என்ற வேறுபாடின்றி, உங்கள் கையால் ஒருமுறை இச்சாற்றை வையுங்கள். வீட்டில் யாரேனும் நோயுறும் நாளில் அடுப்பின்முன் திகைத்து நிற்கும் நிலை, எனக்கு நேர்ந்தது போல, உங்களுக்கு நேர வேண்டா. நுரை எழும் அந்த நொடியில் இறக்க மட்டும் மறவாதீர்கள்.