ரெக்கார்ட் ஆச்சு, சத்தம் வரலையா?

(நம் நலச்சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு இரண்டையும் பேசி முடித்த பிறகு எனக்குக் கிடைத்திருப்பது இருபது நிமிடம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடியிருப்பில் இப்போது ஏழெட்டு வீடுகளிலாவது லேப்டாப்பில் பாட்டு பதிவு செய்கிறார்கள். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்காகத் திருப்புகழ் பழகும் குழு இருக்கிறது. வெளிநாட்டுப் பேரக்குழந்தைகளுக்குப் பாடம் அனுப்பும் பாட்டிகள் இருக்கிறார்கள். தெலுங்குக் கீர்த்தனை பாடுகிறவர்களும் உண்டு. நம் திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல்தானே ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது, வீட்டுப் பெரியவர்கள் வாயில் இரண்டு மொழியும் இன்னும் இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து போன் வந்தாலும் பேச்சு ஒன்றுதான். "சார், ரெக்கார்ட் ஆச்சு. போட்டா சத்தமே வரலை."

நான் ஒலிப்பொறியாளர் கிடையாது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆனால் டேலி ஆகாத கணக்கை எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியும். வித்தியாசத் தொகை 9-ஆல் வகுபட்டால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்போம். சரிபாதியாக்கினால் வரும் தொகை லெட்ஜரில் இருந்தால், பற்றுக்குப் பதில் வரவில் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்போம். தப்பின் உருவமே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். கம்ப்யூட்டர் ஒலியும் அப்படித்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சத்தம் வரவில்லை என்றால் பதிவு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பி பிளாக்கில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, அவருடைய தாயாரிடம் கற்ற பாடல்களை ஒரு மதியம் முழுக்கப் பாடினார். பேரன் பதிவு செய்தான். போட்டால் நிசப்தம். "பாட்டி, ஒண்ணும் விழலை, அழிச்சிட்டு இன்னொரு நாள் எடுக்கலாம்" என்று அழிக்கப் போனவனை, தற்செயலாக அங்கே போயிருந்த நான் தடுத்தேன். பாட்டு பத்திரமாக இருந்தது. வேறு வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதமே அந்த அம்மா உடம்பு முடியாமல் படுத்தார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அன்று பாடிய மாதிரி குரல் எழவில்லை. அந்த மதியம் இனி வராது.

நம் மலைக்கே இதில் ஒரு சம்பந்தம் உண்டு. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) தம் முதல் கிருதியை, மாயாமாளவகௌளை ராகத்தில், இந்தத் தணிகை மலையில்தான் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவர் குடும்பத்தைச் சேர்ந்த சுப்பராம தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை எட்டயபுரத்தில் ஸ்வரக் குறிப்போடு அச்சிட்டது 1904-இல். நடுவில் ஏறக்குறைய எழுபது வருஷம் அந்தப் பாடல்கள் பெரும்பாலும் சீடர்களின் தொண்டையை நம்பித்தான் இருந்தன. நம் பாட்டிகளின் பாட்டுக்கு அத்தனை சீடர்கள் இல்லை.

ஆகவே சத்தம் வரவில்லை என்றால் முதலில் 'சேவ்' செய்யுங்கள். பிறகு ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். அதன்பிறகு ஆராயலாம். சாஃப்ட்வேரை நீக்கி மறுபடி போடுவது, லேப்டாப்பை ஃபார்மட் செய்வது எல்லாம் கடைசி.

நம்மில் பலர் 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேரைத்தான் வைத்திருக்கிறீர்கள். விண்டோஸில் அதை வைத்தே சொல்கிறேன். மற்றவற்றிலும் வழி இதேதான்.

திரையைப் பாருங்கள். மலைத்தொடர் மாதிரி அலை தெரிகிறதா? தெரிந்தால் பாட்டு உள்ளே இருக்கிறது. நேர்கோடாகக் கிடந்தால் மைக்கிலிருந்தே எதுவும் வரவில்லை; அது பதிவுக் கோளாறு. வேறு மைக் தேர்வாகியிருக்கலாம், அல்லது விண்டோஸின் பிரைவசி செட்டிங்ஸில் மைக்குக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். (ஒலி மிகச் சன்னமாக விழுந்திருந்தாலும் கோடு மாதிரித்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்க்காமல் அழிக்காதீர்கள்.)

அலை இருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. இப்போது பிளே அழுத்திவிட்டு, மேலே ஒலி அளவு காட்டும் பட்டையைக் கவனியுங்கள். பட்டை துள்ளினால் சாஃப்ட்வேர் தன் வேலையைச் செய்துவிட்டது, பணம் கவுன்டரைத் தாண்டிவிட்டது. தேட வேண்டியது வெளியே. பட்டை அசையவில்லை என்றால் உள்ளேயே தடை. அந்த டிராக்கில் 'மியூட்' அழுத்தியிருக்கும், அல்லது தம்பூரா டிராக்கில் 'சோலோ' அழுத்தியிருக்கும், அல்லது வால்யூம் கோலைக் கை தெரியாமல் கீழே இழுத்திருக்கும். பிளே ஆகாமல் பிழைச்செய்தி வந்தால், வேறு ஏதாவது ஒலிக் கருவியைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கலாம். வீடியோ கால், பிரவுசர் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி பாருங்கள்.

பட்டை துள்ளியும் சத்தம் இல்லையா? நான் பார்த்த வீடுகளில் அதிகம் இதுதான். பி பிளாக் அம்மாவின் பாட்டும் இப்படித்தான் ஒளிந்திருந்தது. யு.எஸ்.பி. மைக் பலவற்றின் அடியில் ஹெட்போன் சொருக ஒரு துளை இருக்கும். அதனால் விண்டோஸ் அந்த மைக்கையே ஒரு ஸ்பீக்கராகவும் எடுத்துக்கொள்ளும். மைக்கைச் சொருகியவுடன் ஒலி அந்தத் துளைக்குப் போய்விடும்; லேப்டாப் ஸ்பீக்கர் சும்மா இருக்கும். எச்.டி.எம்.ஐ. வயரில் டிவியை இணைத்திருந்தாலும் இதே கதைதான். 'ஆடியோ செட்டப்' பட்டனை அழுத்தி, 'பிளேபேக் டிவைஸ்' என்பதில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். ஆடாசிட்டி திறந்த பிறகு எதையாவது சொருகினால் பட்டியலில் அது வராது. அங்கேயே இருக்கும் 'ரீஸ்கேன்' கொடுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் போன் பேசுகிற மாதிரி அடைத்து வருகிறது என்றால், காதில் இருப்பது புளூடூத் ஹெட்போனா என்று பாருங்கள். அதன் மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினால் அது சாதாரணமாக டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்குப் புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். தம்பூராவையோ தாளத்தையோ அதில் கேட்டுக்கொண்டே பாடினால், பாட்டு தாளத்துக்குப் பின்னால் விழும். வித்வான் மேல் தப்பில்லை. கேட்பதற்குப் புளூடூத் இருக்கட்டும். பதிவுக்கு வயர் வைத்த ஹெட்போன் வாங்குங்கள். என் கருத்தில் புதிய மைக்கைவிட அதுதான் முதல் செலவு.

ஒரு காதில் மட்டும் கேட்டால், ஒரே மைக்கை ஸ்டீரியோவில் பதிந்திருக்கிறீர்கள். மோனோவுக்கு மாற்றினால் போதும். இடமும் பாதி மிச்சம். 44,100 அளவில் 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும், மோனோ 5.

அந்த 44,100 என்ன என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் ஒலியைத் தொடர்ச்சியாக எழுதாது. ஒரு வினாடிக்கு இத்தனை முறை என்று அளந்து எழுதும். சி.டி.க்கு 44,100 முறை, வீடியோவுக்கு வழக்கமாக 48,000. மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 அதிர்வு; அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணக்கு. 44,100-இல் எழுதியதை 48,000 என்று நினைத்து வாசித்தால் பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். 5 கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நிற்கும், எந்த ஆர்மோனியத்தோடும் சேராது. "என் குரல் மாதிரியே இல்லையே" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். புராஜெக்ட், விண்டோஸ் செட்டிங்ஸ் இரண்டிலும் ஒரே எண் இருக்கட்டும்.

அடுத்தது கரகரப்பு. இதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. ஒரே பகுதியை மூன்று முறை போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வெடித்தால் அது வாசிக்கும்போது வருகிற கோளாறு, பதிவு சுத்தம். ஒரே இடத்தில் வந்தால் அது பதிவிலேயே விழுந்திருக்கிறது.

முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் 'பஃபர்'. நம் மொட்டைமாடித் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி சின்னதாக இருந்தால், மோட்டார் ஒரு நிமிடம் தாமதித்தாலும் குழாயில் காற்றுதான் வரும். லேப்டாப் வேறு வேலையில் திணறும்போது ஒலித்தொட்டி காலியாகி 'டப்' என்று வெடிக்கிறது. பஃபர் அளவைக் கூட்டுங்கள், சார்ஜரில் போட்டு பேட்டரி சேமிப்பு முறையை நிறுத்துங்கள். ஆனால் தொட்டி பெரிதானால் நிரம்ப நேரமாகும். உங்கள் குரலை கம்ப்யூட்டர் வழியாகவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால் தாமதம் தெரியும். அப்போது மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகையில், அலையின் உச்சி கத்தரியால் வெட்டினாற்போல் தட்டையாக இருந்தால் மைக் அளவு அதிகம். அதை முழுதாக மீட்க முடியாது. அடுத்த முறை உச்சக் குரலிலும் அலை பாதி உயரத்தைத் தாண்டாமல் வையுங்கள். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சார்ஜரைக் கழற்றிப் பாடிப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் பதிவு வேண்டாம். ரேணிகுண்டா ரயிலுக்கும் ஆடிக் கிருத்திகை ஒலிபெருக்கிக்கும் என்னிடம் மருந்து இல்லை.

ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒன்று. கால் வந்தவுடன் சுருதிப்பெட்டி ஒலி தானாகத் தணிகிறதா? விண்டோஸின் பழைய 'சவுண்ட்' பலகையில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியில், பேச்சின்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி இருக்கும். 'டு நத்திங்' என்று மாற்றிவிடுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

கடைசியாகக் கோப்பு. ஏ.யு.பி.3 என்று முடிவது ஆடாசிட்டியின் வேலைக் கோப்பு. அதை வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பினால், அங்கே ஆடாசிட்டி இல்லாமல் திறக்காது. 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, பாதுகாக்க வேவ், அனுப்ப எம்.பி.3 என்று இரண்டு எடுங்கள். 2021-க்கு முந்தைய பதிப்பில் பதிந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஏ.யு.பி. என்ற சின்னக் கோப்பு தனி, ஒலி இருக்கும் 'டேட்டா' ஃபோல்டர் தனி. சின்னதை மட்டும் நகலெடுத்துவிட்டுப் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கையில் இருப்பது வெறும் பாஸ்புக் அட்டை. அப்படி யாரிடமாவது பழைய லேப்டாப் பரணில் இருந்தால், விற்பதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் இதே ஹாலில் இருப்பேன். லேப்டாப்போடு மைக், ஹெட்போன், சார்ஜர் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். வெறும் லேப்டாப்பை மட்டும் கொண்டுவந்தால் பாதிக் கோளாறு உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.