தராசும் பற்று நோட்டும்
(மருத்துவமனையின் ஸ்தோத்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கடைக்காரத் தம்பதியர் ஆற்றிய உரை)



நாங்கள் பிரசங்கிகள் அல்ல. பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்தவர்கள். 1969 முதல் 2011 வரை 42 ஆண்டுகள், தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிறிய கடையைக் கர்த்தர் எங்கள் கையில் தந்திருந்தார்.

எங்கள் ஊரார் பலர் பனைத்தொழிலாளிகள். பதனீர் காலத்தில் கருப்பட்டியை எங்களிடம் விற்பார்கள். மற்ற மாதங்களில் அரிசியும் சாமான்களும் பற்றில் வாங்குவார்கள். ஒரே ஆளிடம் வாங்கவும் செய்தோம், விற்கவும் செய்தோம். சோதனை அங்கேதான். வாங்குவதற்கு ஒரு கல், விற்பதற்கு வேறொரு கல் வைப்பதை உபாகமம் 25-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. எடைக்கல்லுக்கு முத்திரை போடும் அதிகாரி எப்போதோ ஒருநாள் வருவார். ஆண்டவருடைய கண்ணோ நாள்தோறும் தராசின்மேல் இருந்தது. ஒரே கல்லால் இரண்டையும் நிறுத்தோம். ஓய்வுநாளில் கடையை அடைத்தோம். அதனால் வியாபாரம் குறைந்தது. எனினும் வீட்டில் அடுப்பு எரியாத நாள் இல்லை.

அமெரிக்க வியாபாரி ஜே. சி. பென்னியின் சரித்திரம் எங்களுக்குப் பிரியமானது. 1902-இல் வயோமிங் மாநிலத்துச் சுரங்க ஊரான கெம்மரரில் 'பொன் விதி' என்ற பெயரில் கடை திறந்தார். பிறர் நமக்குச் செய்ய விரும்புவதை நாம் அவர்களுக்குச் செய்யவேண்டும் என்ற கிறிஸ்துவின் போதனையே அந்தப் பெயர். 1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் பெருஞ்செல்வத்தை இழந்து, உடலும் மனமும் சோர்ந்து, பேட்டில் கிரீக் நகர மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு காலை சிற்றாலயத்திலிருந்து கேட்ட பாடல் அவரைத் திரும்பவும் விசுவாசத்தில் நிறுத்தியது. 1971-இல் 95 வயதில் மரித்தார்.

அவர் ரொக்கத்துக்கு மட்டுமே விற்றார். எங்கள் ஊரில் அது நடக்காது. ஆனால் பற்று நோட்டு எங்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. ஒரு வீட்டில் வியாதி நுழைந்தால் முதலில் நோட்டில் தெரியும். தேங்காய் எண்ணெய் நிற்கும், பருப்பு நிற்கும். ரொட்டியும் பார்லியும் ஏறும். பிறகு ஒன்றுமே எழுதப்படாத பக்கங்கள்! கடன் கூடிவிட்டதே என்ற வெட்கத்தால் கடைப் பக்கமே வரமாட்டார்கள்.

அப்படி ஒரு சகோதரர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. இந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. ஏழை நோயாளர் நிதி பெரும்பகுதிச் செலவைத் தாங்கியது. அவர் மறுபடி மரம் ஏறவில்லை, கோலூன்றி நடந்தார். ஆனால் நிலத்தை விற்காமலும், மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமலும் அந்தக் குடும்பம் தப்பியது. அந்தப் பக்கத்தில் நாங்களும் குறுக்கே ஒரு கோடு போட்டோம். எங்களுடையது சிறு கோடு. பெரிய கடனை அடைத்தவர்கள் அவருடைய முகத்தையே அறியாத உங்களைப் போன்ற காணிக்கையாளர்கள்.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை யாரோ ஒருவருடைய பற்றுக் கணக்கை அடைக்கிறது. நம்முடைய கடனைச் சிலுவையில் தீர்த்தவர் அதைக் காண்கிறார். வயது சென்ற எங்களால் இயன்றதை மாதந்தோறும் இந்த நிதிக்கு அனுப்புகிறோம். நீங்களும் தொடர்ந்து தாங்குங்கள், ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களையும், இங்குள்ள மருத்துவர்களையும், செவிலியரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.